கடைசி ரயிலுக்குள் முடிப்பவர்

என் மனைவிக்கு வைட்டமின் ஊசி போட ஒரு நர்ஸம்மா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். வாரத்துக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு ஊசி. நான்காவது ஊசிக்கு அவரோடு ஒரு வெள்ளைக்காரரும் வந்தார். அவருடைய கணவர் என்று எனக்குத் தெரியும். அல்சூர் ஏரிக்கரையில் இருவரும் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு முதல் மாடியில். மாடிப்படி விளக்கு போய் மூன்று வாரமாகியிருந்தது. வீட்டுக்காரரிடம் நான்கு முறை சொல்லியாயிற்று. இருட்டில் யாராவது விழுந்து வைக்கப் போகிறார்களே என்ற பயத்தில் நான் பின்னாலிருந்து படிகளை வாய்விட்டு எண்ணிக்கொண்டே ஏறினேன். மேலே போனதும் அந்த மனிதர் திரும்பி நின்றார்.

"எத்தனை?" என்றார், தமிழில்.

"பதினேழு."

"நேத்து?"

"நேத்தும் பதினேழுதான்."

"நாளைக்கு?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாளைக்கும் பதினேழுதான். படி என்ன குட்டியா போடப்போவுது?" என்றேன். அவர் மனைவியிடம் இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா சிரித்தார். பிறகு அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, "வெள்ளிக்கிழமை ஆறு மணி. ரிச்சர்ட்ஸ் டவுன். வாங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போய்விட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. சங்கீதத்தில் ஒரு அட்சரமும் தெரியாத நான், மாநில அரசின் புள்ளிவிவர இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருந்த ஐம்பத்தொன்பதாவது வயதில், மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்றில் சேர்ந்தது இப்படித்தான். அவர் எதையும் இதைவிட நீட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை.

எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இத்தாலியில் முப்பத்தோரு வருடம் வாத்தியக் குழுக்களையும் ஓபராக்களையும் நடத்தியவர். ஓபரா என்பது நம் ஊர் இசை நாடகம் மாதிரி. வித்தியாசம், அதில் வசனம் அநேகமாகக் கிடையாது, குத்துப்பட்டுச் சாகிறவனும் பாடிக்கொண்டேதான் சாகவேண்டும். நர்ஸம்மா விவேக் நகரில் பிறந்தவர். இத்தாலியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருடம் வேலை. குடல்வால் ஆபரேஷனுக்கு வந்து படுத்தவரை அங்கேதான் சந்தித்தார். ஓய்வு பெற்றதும் நான் என் ஊருக்குப் போகிறேன் என்று அந்த அம்மா சொல்ல, இவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். இது நடந்தது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில்.

உயரம் ஐந்தடி நான்கு அங்குலத்துக்கு மேல் இருக்காது. மேல்சட்டைப் பையில் ஒரு பென்சில், ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். நீலத்தில் கோடு போட்டால், நேரமிருந்தால் வாசிக்கலாம் என்று அர்த்தம். சிவப்பில் போட்டால், நேரமிருந்தாலும் வேண்டாம். எங்கள் குழுவில் இருபத்து மூன்று பேர். அவரவர் தாளில் அந்தப் பென்சில் படாத பக்கம் ஒன்றுகூடக் கிடையாது.

என்னை ஏன் பிடித்தார் என்பது முதல் வெள்ளிக்கிழமையே தெரிந்துவிட்டது. எனக்கு முன்னால் சிம்பல் தட்ட ஒரு பேண்டு செட்டுக்காரர் இருந்தார். சிம்பல் என்பது இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள்; கல்யாண ஊர்வலத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த மனிதர் தட்டினால் ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் மேற்கத்திய சங்கீதத்தில் சிம்பல்காரனுக்கு வேலை தட்டுவது அல்ல, தட்டாமல் இருப்பது. நூறு, நூற்றைம்பது பார் சும்மா நின்றுவிட்டு ஒரே ஒரு தட்டு. பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று, நம் ஆவர்த்தனம் போல. பேண்டு செட்டுக்காரருக்கு அந்தச் சும்மா நிற்பது முடியவில்லை. முப்பதாவது பாரில் கை அரிக்க ஆரம்பித்து, ஐம்பதாவது பாரில் தட்டிவிடுவார். "அடிக்காம நிக்கறதுக்கு ஒரு ஆளு எதுக்கு சார்?" என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டாராம். நான் நிற்பேன். எண்ணுவேன். முப்பத்து நான்கு வருடம் வேறு என்ன செய்தேன்?

எங்களுக்கு அவர் கொடுத்தது அவருடைய ஊர்க்காரர் ஒருவர் எழுதிய ஓபராவின் கடைசிக் காட்சி. அந்த ஊரைத் தாண்டி அதை யாரும் வாசித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். கடற்கரையில் மீனவப் பெண்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். புயல். போன படகு வரவில்லை. நூற்று நாற்பத்தேழு பார்களுக்கு அவர்கள் புலம்புகிறார்கள், வேண்டுகிறார்கள், மறுபடியும் புலம்புகிறார்கள். நூற்று நாற்பத்தெட்டாவது பாரில் படகு கண்ணுக்குத் தெரிகிறது: அதுதான் என் தட்டு. அதன் பிறகு அறுபது பார் கொண்டாட்டப் பாட்டு. மொத்தம் இருநூற்று எட்டு. பாடுவதற்கு விவேக் நகரிலிருந்து பதினெட்டுப் பேர் வருவார்கள். இத்தாலிய வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் நோட்டுப் புத்தகத்தில் எழுதி, அர்த்தம் தெரியாமலே நெட்டுருப் போட்டு, தெரிந்தவர்களைவிட நன்றாக அழுதார்கள்.

அவருடைய உத்தியோகக் கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறேன். அவர் பிறந்த துறைமுக ஊரில் ஓர் அரங்கு. அதில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். ஒரு குளிர்காலத்தில், குழுவை நடத்துகிற பெரியவர் பனியில் மாட்டிக்கொண்டு வந்து சேரவில்லை. இவரை நிற்க வைத்தார்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஓபரா பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போக ஒரே ரயில், பதினொன்று நாற்பதுக்கு. கதாநாயகி சாவதோ பதினொன்று ஐம்பதுக்கு. ஆகவே வருடக்கணக்காக அந்த ஊரில் கதாநாயகிகள் ஜனங்களின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் செத்தார்கள். இவர் அன்று மத்தியானம் தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு காதல் பாட்டு, ஓர் ஊர்வலம், ஒரு பிரார்த்தனை எல்லாவற்றையும் வெட்டினார். கதாநாயகி பதினொன்று பதினெட்டுக்குச் செத்தாள். இருநூறு பேர் நிம்மதியாக அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நடந்தே போய் ரயிலைப் பிடித்தார்கள். மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாராம்.

அதோடு அதுவே அவர் பிழைப்பாகிவிட்டது. கடைசி ரயிலுக்குள் முடிப்பவர் என்று பெயர் பரவி, சின்ன ஊர் அரங்குகளெல்லாம் அவரைக் கூப்பிட்டன. இருபத்தாறு ஊர்கள். எந்த ஊரைக் கேட்டாலும் அரங்கைப் பற்றிச் சொல்ல மாட்டார். கடைசி ரயில் நேரத்தைச் சொல்வார். பெரிய நகரங்களில் ஏன் வாசிக்கவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். "அங்க டிராம் இருக்கு. நான் எதுக்கு?" என்றார்.

அப்படியும் ஒரு தடவை ஒரு பெரிய நகரத்தில் இரண்டு நாள் வாய்ப்பு வந்திருக்கிறது. முதல் நாள் எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, பழக்க தோஷத்தில் கதாநாயகனின் கடைசிப் பாட்டை வெட்டிவிட்டார். மரக்கத்தியைப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் காத்திருந்த பாடகர், திரை விழுந்த பிறகும் அங்கேயே நின்றிருந்தாராம். இந்த இடத்தில் மாஸ்டர் எப்போதும் நிறுத்திவிடுவார். அப்புறம் என்ன ஆயிற்று என்று நான் ஐந்து தடவை கேட்டிருக்கிறேன். ஐந்து தடவையும் ஒரே பதில்: "ரெண்டாவது நாள் இல்ல."

கதையை முடித்துக் கொடுத்தது நர்ஸம்மாதான். அந்த அம்மா எதையும் முடிவிலிருந்துதான் சொல்வார். கணவர் பழக்கிவிட்ட பழக்கம் அது. ஆரம்பத்திலிருந்து சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாராம். "பால் பொங்கி அடுப்பு அணைஞ்சிடுச்சு" என்று முதலில் சொல்லி, அவர் இன்னும் உட்கார்ந்திருந்தால் அக்கா போன் செய்ததையும் அதற்கு முன் நடந்ததையும் சொல்வார். எங்களிடமும் அப்படியே ஆரம்பித்தார்: "அறை வாங்கினாரு." யார் அறைந்தது, எந்தக் கன்னம், எத்தனை என்பதெல்லாம் அதற்குப் பிறகு வந்தது. இரண்டு. இரண்டும் இடது கன்னத்தில்.

வெட்டுவது அவருக்கு அரங்கோடு நிற்கவில்லை. கல்யாணத்துக்குப் போனால் தாலி கட்டியதும் எழுந்துவிடுவார், "முடிஞ்சுது" என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நாற்பது நிமிடம் போவதைப் பார்த்துவிட்டு, பாதிரியாரிடம் அடுத்த வாரத்துப் பிரசங்கத்தைக் கேட்டு வாங்கி வந்து, ஆங்கிலப் பிரதியில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பாதிரியார் நல்ல மனிதர். நீலத்தை விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் ஒத்துக்கொண்டார். அந்த வாரம் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. உண்டியல் வழக்கத்தைவிடக் கனமாக இருந்ததாகக் கேள்வி. நான் எண்ணவில்லை, அது என் வேலையல்ல.

என் மனைவி சாயங்காலம் ஒரு தொடர் நாடகம் பார்ப்பாள், வாரத்துக்கு ஐந்து நாள். மாஸ்டர் மூன்று நாள் கூட உட்கார்ந்து பார்த்துவிட்டு, "திங்கள் பாருங்க, வெள்ளி பாருங்க. நடுவுல வேண்டாம்" என்றார். அவள் முறைத்தாள். ஆனால் அடுத்த வாரம் சோதித்துப் பார்த்தாள். ஒன்றும் விட்டுப்போகவில்லை. அந்த ஆத்திரத்தில் மறு வாரம் ஐந்து நாளும் பார்த்தாள்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு ஆறு கடிதம் எழுதியிருந்தேன். ஒவ்வொன்றும் நான்கு பக்கம். தெருவில் உள்ள கம்பங்கள், எரிபவை, எரியாதவை, விட்டு விட்டு எரிபவை, இருட்டில் தடுக்கி விழுந்தவர்கள், அவர்கள் வயது என்று எல்லாம் பட்டியல் போட்டிருந்தேன். பதில் இல்லை. ஏழாவது கடிதத்தை மாஸ்டர் பிடுங்கிப் பார்த்தார். சிவப்பு முனையை எடுத்தார். நான்கு பக்கமும் போய், பதினாலாம் எண் கம்பம் எரியவில்லை என்ற ஒரு வரி மிஞ்சியது. எனக்கு அவமானமாக இருந்தது. தலைப்பையாவது விட்டிருக்கலாம். அவருக்குப் பாடம் கற்பிக்க வேண்டும் என்றே அந்த ஒரு வரியை அப்படியே அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ஏணியோடு ஆள் வந்தான். இன்றுவரை அதை நான் தற்செயல் என்றுதான் சொல்கிறேன்.

இதையெல்லாம் வைத்து அவரை அவசரக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அவசரக்காரர்கள் ஓடுவார்கள். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சுகிற நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் நிதானமாக உட்கார்ந்து, முறுக்கை ஒவ்வொரு சுற்றாக உடைத்துத் தின்பார். ஒருமுறை அந்த முறுக்குக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டார்.

நர்ஸம்மா இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு மழைக்காலத்தில் காலமானார். கல்லறையில் ஆறு பேர் பேசினார்கள். ஐம்பது நிமிடம். நான் மாஸ்டரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சட்டைப் பையின் பக்கம் போகவே இல்லை. பதினோராம் நாள் ஊருக்குக் கிளம்பிவிட்டார். போய்ச் சேர்ந்து ஓர் அஞ்சலட்டை எழுதினார்; என் முகவரி ஆறு வரி, சேதி ஒரே வார்த்தை, வந்துவிட்டேன் என்று. நான் ஆங்கிலத்தில் எட்டுப் பக்கம் பதில் எழுதினேன். இரண்டு மாதம் கழித்து என் கடிதமே எனக்குத் திரும்பி வந்தது. ஏழு பக்கம் முழுக்கச் சிவப்பு. ஐந்தாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் மட்டும் கோடில்லாமல் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தேன்.

அது பின்னால் நடந்தது. நான் சொல்ல உட்கார்ந்தது அந்தப் படகுக் காட்சியை நாங்கள் மேடையேற்றிய கச்சேரியைப் பற்றி.

எட்டு மாதம் ஒத்திகை. முப்பத்திரண்டு வெள்ளிக்கிழமை, அதில் இரண்டில் எனக்கு ஜலதோஷம். ஆக முப்பது தடவை நான் நூற்று நாற்பத்தேழு வரை எண்ணி, ஒரு தட்டுத் தட்டியிருக்கிறேன். வீட்டில் இரண்டு குக்கர் மூடிகளை வைத்துப் பழகினேன். கீழ்வீட்டுக்காரர் கம்பால் கூரையை இடித்து நிறுத்தினார். ஒரு தட்டில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் தட்டிப் பார்க்க வேண்டும். நேருக்கு நேர் மோதினால் நடுவில் காற்று சிக்கி சப்பென்று போய்விடும். கொஞ்சம் சாய்த்து, உரசுவது போல மோதி, உடனே விரித்துத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஏழாவது மாதம்தான் மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டுக் கிடையாது.

சென்னையிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். வந்த நாளிலிருந்து மாப்பிள்ளைக்கு இதே பேச்சு. "முப்பத்து நாலு வருஷ சர்வீஸ்ல அடிக்காத ஜால்ராவா மாமா, இப்ப எதுக்கு?" என்றார். இன்னொரு நாள், "எந்த இடம்னு சொல்லிடுங்க, அதுவரைக்கும் கண்ணை மூடிட்டிருக்கேன்" என்றார். தெருவில் பதினான்கு வீடுகளுக்குச் சொல்லியிருந்தேன்; ஒன்பது வீட்டிலிருந்து வந்திருந்தார்கள். அந்த ஒரு தட்டை நான் சரியாகத் தட்டியாக வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு ஆரம்பம். குத்துவிளக்கின் மூன்றாவது திரி பிடிக்க மட்டும் நான்கு தீக்குச்சி. ஏழு பேருக்குப் பொன்னாடை. பிறகு தலைமை விருந்தினர் பேச எழுந்தார். அவர் பேச்சில் சற்று மூச்சு வாங்கியபோது மாஸ்டர் முன்வரிசையிலிருந்து பலமாகக் கைதட்டினார், இதோடு முடியட்டும் என்று. கூட்டமும் சேர்ந்து தட்டியது. தலைமை விருந்தினர் நெகிழ்ந்துபோய், இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிற சபையை எங்கும் கண்டதில்லை என்று சொல்லி, இன்னும் பதினோரு நிமிடம் பேசினார். மாஸ்டரின் வாழ்க்கையிலேயே ஒரு வெட்டு தவறியது அன்றைக்குத்தான் என்று நினைத்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அல்சூர் வழியாக விவேக் நகர் போகும் கடைசி பஸ் எட்டு பத்துக்கு. பாடுகிறவர்களில் பதினான்கு பேர் அதில் போகிறவர்கள். கடைசி உருப்படி எங்கள் படகுக் காட்சி. அதற்கு முன் எல்லோரும் மேடைக்குப் பின்னால் நடைபாதையில் நின்றோம். மணி ஏழு ஐம்பது. மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார், பென்சிலை எடுத்தார். தாள்களில் இடம் அடையாளம் காண ஏ, பி, சி என்று எழுத்துகள் போட்டிருக்கும்.

"சியில நிறுத்து. பக்கம் திருப்பு. நேரா எஃப்" என்றார் எல்லோருக்கும்.

நான் கணக்குப் போட்டேன். நாற்பதாவது பாரோடு நின்று, நேராகக் கொண்டாட்டப் பாட்டுக்குத் தாவுகிறார். நடுவில் நூற்றெட்டு பார் போகிறது. அந்த நூற்றெட்டில் கடைசி பார் என்னுடையது.

"என் தட்டு அதுக்குள்ள இருக்கு" என்றேன்.

"தெரியும்."

"படகே வரலையே மாஸ்டர். அப்புறம் எதுக்குக் கொண்டாட்டம்?"

"பஸ் வரும்" என்றார். மேடைக்குப் போய்விட்டார்.

நானும் போய் என் இடத்தில் நின்றேன். கடைசி வரிசை, வலது ஓரம். நான்காவது வரிசையில் மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். மாப்பிள்ளை இரண்டு விரலால் கண்ணை அகலத் திறந்து காட்டினார். கையில் இரண்டு பித்தளைத் தட்டுகள், ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. வேலை எதுவும் இல்லாவிட்டாலும் ஆரம்பித்ததும் எண்ண ஆரம்பித்தேன். வயலின்கள் புயலைக் கொண்டுவந்தன. பெண்கள் புலம்பினார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. மாஸ்டரின் கை நின்றது. இருபத்திரண்டு பேரும் பக்கம் திருப்பக் குனிந்தார்கள். மூன்று மூன்று பக்கம் திருப்ப வேண்டும். அரங்கில் தாள் சலசலப்பைத் தவிர வேறு சத்தமில்லை.

எனக்குத் திருப்பப் பக்கம் இல்லை. தட்டினேன்.

கை தவறிவிட்டது என்று நர்ஸம்மாவிடமும், குழுவிலும், வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். தவறவில்லை. நன்றாக யோசித்து, சாய்த்து, உரசி, விரித்து, தலைக்கு மேல் தூக்கினேன். முப்பது வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில்கூட அப்படி விழுந்ததில்லை. அது அடங்குவதற்குள் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. பேச்சும் பொன்னாடையுமாக ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்த ஜனங்கள். அவர்களுக்கும் பஸ் இருந்தது. காத்திருக்கிறார்கள், எங்கும் அமைதி, டமார், படகு வந்துவிட்டது. இதைவிடத் தெளிவாக முடிவு என்று எதைச் சொல்வது? பாட வேண்டிய பதினெட்டுப் பேரும் மூச்சை இழுத்துப் பிடித்து, வாய் திறந்தபடி நின்றார்கள். மாஸ்டர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அது மிகச் சிறியது. அடுத்த கணம் அவர் சபையைப் பார்த்துத் திரும்பி, இடுப்பு வரை வளைந்து வணங்கினார்.

மணி ஏழு ஐம்பத்தாறு. நன்றியுரைக்காரர் இரண்டு தாளோடு மேடையேறி, ஒரு தாளோடு இறங்கினார். மற்றது எப்படி மாஸ்டரின் பைக்குள் போயிற்று என்று எனக்குத் தெரியாது. வாசலில் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஒரே அடியில ஊரையே எழுப்பிட்டீங்க மாமா" என்றார். கிண்டல் மாதிரித் தெரியவில்லை. என் மனைவியும் அவர்களும் ஆட்டோவில் போக, மாஸ்டர் என்னை பஸ்ஸுக்கு இழுத்துக்கொண்டு போனார். நர்ஸம்மா முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் நடுவில். பாடகர்கள் பதினான்கு பேரும் எங்களுக்குப் பின்னால்.

நான்கு நிறுத்தம் போனதும் மாஸ்டர் தாளை மடியில் விரித்து, நாற்பதாவது பாருக்குப் பிறகு வருகிற எல்லாப் பக்கங்களிலும் மூலைக்கு மூலை சிவப்புக் கோடு போட்டார், ஒவ்வொன்றாக, நிதானமாக.

"முப்பத்தோரு வருஷம்" என்றார். "எனக்குத் தோணல. படகு வந்தாச்சு. அப்புறம் பாட்டு எதுக்கு?"

சந்தோஷப்படுவதா என்று நான் யோசிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. விவேக் நகரில் தையல் கடை வைத்திருந்தவர். கனத்த சாரீரம், பாடகர்களில் கடைசி வரிசை.

"சார்" என்றார் என்னிடம். "எங்க அம்மா முன் வரிசையில உக்காந்திருந்தாங்க. கால் முடியாதவங்க. உங்க ஒரு அடி போவுதேன்னு எங்க அறுபது பாரையும் போட்டுத் தள்ளிட்டீங்களே."

எட்டு மாதத்தில் என் பாரைத் தவிர வேறு யார் பாரையும் நான் நினைத்துப் பார்த்ததில்லை. அவர்களுக்கும் முப்பத்திரண்டு வெள்ளிக்கிழமை. அவர்களில் பலர் ஜலதோஷத்தோடும் வந்தார்கள்.

தையல்காரர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி மெதுவாகக் கொண்டாட்டப் பாட்டை ஆரம்பித்தார். இரண்டாவது பாரில் பக்கத்துச் சீட்டுக்காரர் சேர்ந்தார். ஐந்தாவது பாரில் பெண்கள். ஒன்பதாவது பாரில் பதினான்கு பேரும் பாடினார்கள், யாரும் கை காட்டாமல், வாத்தியம் இல்லாமல், பஸ்ஸின் குலுக்கலோடு. டிக்கெட் கொடுப்பவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். மாஸ்டர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விரல் கம்பியில் தாளம் போட்டதா என்று பார்த்தேன். போடவில்லை.

அல்சூர் ஏரிக்கரை வந்தது. அது அவர்கள் நிறுத்தம். எனக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. மாஸ்டர் எழுந்தார். நர்ஸம்மாவை முதலில் இறக்கிவிட்டு, தானும் இறங்கினார். நடைபாதையில் நின்று பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. அவர் வலது கையை உயர்த்தி, காற்றில் ஒரு சின்னச் சுழி சுழித்து, விரல்களை மூடினார்.

பதினான்கு பேரும் வார்த்தையின் நடுவில் நின்றுவிட்டார்கள். எட்டு மாதப் பழக்கம். அந்தக் கை மூடினால் தொண்டை தானாக மூடிக்கொள்ளும். பஸ் கிளம்பியது. அவர் முதுகைக் காட்டி நடக்க ஆரம்பித்திருந்தார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று டிக்கெட் கொடுப்பவர் கன்னடத்தில் கேட்டார்.

"எறங்கிப் போனப்புறமும் வெட்டறாரு பாருங்க" என்றார் தையல்காரர். பிறகு கொஞ்சம் குனிந்து என் தோளைத் தொட்டார். "எங்க சார் நிறுத்தினோம்?"

"முப்பத்தொன்பது முடிஞ்சுது" என்றேன். "நாப்பதுலேர்ந்து எடுங்க."

எடுத்தார்கள். மீதி இருபத்தொரு பாரிலும் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. எண்ணிக்கொண்டே வந்தேன்.